பட்டியலில் இல்லாத முந்திரிக்கொட்டை

நான் எழுதிப் பழகியவன் இல்லை. பத்தாவதும் ஐடிஐயும் முடித்துவிட்டு நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலைக்குச் சேர்ந்தவன். ஷிப்ட் முடியும்போது லாக் புக்கில் நாலு வரி எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளே, இந்த ஒன்றை உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும். இதில் தப்பு செய்தது நான். அதற்காகப் பயந்து நடுங்கியது உங்களில் ஒரு சின்னப் பெண்.

எங்கள் கோயிலில் பிள்ளைகள் குழு ஒன்று உண்டு. ஒரு சிஸ்டர் அதை நடத்தினார். மே மாத லீவில் எல்லாரையும் ஒரு நாள் வெளியே கூட்டிப் போவார். அந்த வருஷம் என்னிடம் வந்து, “நீங்க ஃபர்ஸ்ட் எய்டு படிச்சவரு. கூட வந்தீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்கும்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுரங்கத்தில் ஷிப்ட் தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிப் பேசுவார்களே, அதே மாதிரி பிள்ளைகளுக்கும் பேச வேண்டும் என்று மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். பதினெட்டு விதிகள். செருப்பு போடாமல் நடக்கக் கூடாது, மரம் ஏறக் கூடாது, கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. பதினெட்டாவது விதியை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்: “விதியை மீறுபவர் அடுத்த முறை வர முடியாது.”

வேனில் நின்றுகொண்டே முழுவதையும் வாசித்தேன். பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: “அங்கிள், மூச்சு விடலாமா? அதுக்கு ரூல் இருக்கா?”

சிஸ்டரே சிரித்துவிட்டார். நானும்தான்.

போன இடம் வடலூர் தாண்டி ஒரு முந்திரித் தோப்பு. எங்கள் கோயிலுக்கு வரும் ஒருவருடையது. பெரிய புயலில் பழைய மரமெல்லாம் வேரோடு போய், பிறகு வைத்த ஒட்டுக் கன்றுகள் அப்போதுதான் நன்றாகக் காய்க்கத் தொடங்கியிருந்தன. எல்லாம் குட்டை மரம். சிவப்பும் மஞ்சளுமாகப் பழங்கள் ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு நேராகத் தொங்கின. மரம் ஏறக் கூடாது என்று எழுதிய நான் அதைப் பார்த்தும் யோசிக்கவில்லை. நான் அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். பச்சை முந்திரிக்கொட்டையைக் கடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, அதன் தோட்டில் இருக்கும் பால் பட்டால் தோல் வெந்து போகும் என்பது எங்களுக்கு நெருப்பு சுடும் என்பது போல. யாராவது சொல்லித் தெரிந்ததாக ஞாபகமே இல்லை. அதனால்தான் நானும் யாருக்கும் சொல்லவில்லை.

வந்திருந்த முப்பத்தொரு பேரில் அந்தச் சின்னப் பெண்ணும் ஒருத்தி. அவள் அப்பாவுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. தேனிப் பக்கத்திலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்குத் தெரிந்த முந்திரி பாயசத்தில் மிதப்பது மட்டும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் விளையாட விட்டு, திரும்ப எண்ணினேன். முப்பது. மறுபடி எண்ணினேன். முப்பதுதான். விசிலை இரண்டு முறை ஊதினேன். பெரிய பிள்ளைகள் தேட ஓடினார்கள். அப்போது மந்தாரக்குப்பத்துப் பெண் ஒருத்தி, பன்னிரண்டு வயது இருக்கும், வேனுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள்.

“அங்கிள், சீக்கிரம் வாங்க! கொட்டைய கல்லால உடைச்சிருக்கா. பாலு கண்ணுல அடிச்சிருச்சு. அழுதுகினே தேச்சிகினு இருக்கா!”

அவளுடைய அம்மா முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிறவர். அதனால் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

வேனின் டயரை ஒட்டிக் குறுகி உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். இடது கண் மூடி, சுற்றிலும் சிவந்து வீங்கிக்கொண்டிருந்தது. கையை எடுக்கச் சொன்னால் எடுக்கவில்லை. அழுகையோடு அவள் சொன்ன முதல் வார்த்தை, “அங்கிள், என்னைய அடுத்த தடவ கூட்டிட்டுப் போகாம இருக்காதீக” என்பதுதான்.

எவ்வளவு நேரம் ஒளிந்திருந்தாள் என்று கேட்டேன். விளையாட்டு தொடங்கினதிலிருந்தே என்றாள். கால் மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரமும் அந்தக் கையாலேயே கண்ணைத் தேய்த்திருக்கிறாள். கண் எரிச்சலைவிட என் சிவப்பு மை அவளுக்குப் பெரிய பயமாக இருந்திருக்கிறது.

முதலில் அவள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். பிறகு தலையை இடது பக்கம் சாய்த்து, அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் மற்றக் கண்ணுக்குள் போகாதபடி பிடித்துக்கொண்டு, என் பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றத் தொடங்கினேன். நிறுத்தாமல் ஊற்ற வேண்டும், இருபது நிமிடமாவது. கேனில் இருந்த தண்ணீர் சாப்பாட்டோடு தீர்ந்திருந்தது. தோப்பில் போர் மோட்டார் இருந்தது, கரண்ட் இல்லை.

“பாட்டில் கொண்டாங்கடா!” என்று கத்தினேன்.

பிள்ளைகளே, அன்றைக்கு நீங்கள் நின்ற வரிசையை நான் மறக்க மாட்டேன். நான் விசில் ஊதிக் கெஞ்சினாலும் அப்படி நேராக நிற்க மாட்டீர்கள். ஆளுக்கொரு பாட்டில். பாதி, கால், அடியில் ஒரு வாய். மூச்சு விடலாமா என்று கேட்டவன் தன் பாட்டிலை நீட்டி, “அங்கிள், இதுல நான் வாய் வச்சுக் குடிச்சுட்டேன், பரவால்லயா?” என்றான். அதைத் தனியே வைக்கச் சொன்னேன். மந்தாரக்குப்பத்துப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கம்மா கையில தெனமும் படும்டி. கழுவினா சரியாய்டும். தேய்க்காத, தேய்க்காத” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மிச்சத் தண்ணீரோடு வேனில் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். சிஸ்டர் அவள் அம்மாவுக்கு போன் செய்தார். நான் வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் விளக்கடித்துப் பார்க்கிற நேரம் நான் வராந்தாவில் என் வலது மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரலில் நகம் கோணலாக இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல வருஷத்துக்கு முன் பெல்ட் பக்கத்தில் நசுங்கியது. விபத்தில்லாத நாட்கள் இத்தனை என்று அங்கே ஒரு போர்டு இருந்தது. என்னால் அது பூஜ்யமாகிவிடுமே என்று விரலைத் துணியால் சுற்றிப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு மீதி ஷிப்ட்டை ஓட்டினேன். நாலாம் நாள் சீழ் வைத்துக் காய்ச்சலோடு படுத்தேன். சொல்ல பயந்தவன்தான் நானும். அதே பயத்தைச் சிவப்பு மையில் எழுதி ஒரு குழந்தைக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவள் அம்மா வந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முந்திரியைப் பற்றி எச்சரிக்காமல் விட்டதையும், அவள் ஏன் ஒளிந்தாள் என்பதையும்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “பதினெட்டு ரூல் போட்டீகளாம்ல?” என்றார். “ஒண்ணுல கூட இது இல்லியா?”

“இல்லம்மா” என்றேன்.

டாக்டர் வெளியே வந்து, கண்ணுக்குள் பெரிய பாதிப்பில்லை, உடனே அவ்வளவு தண்ணீர் விட்டது நல்லதாகப் போயிற்று என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கண்ணைச் சுற்றித் தோல் கறுத்து உரிந்து ஆற இரண்டு வாரம் ஆயிற்று. அத்தனை நாளும் மாலையில் போய்ப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் அந்த அம்மா பேசவில்லை. மூன்றாம் நாள் டீ கொடுத்தார்.

அடுத்த வருஷம் சிஸ்டர் மறுபடி கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்லப் போனவனை, “அவ முதல்ல பேரு குடுத்துட்டா. நீங்க வருவீங்களான்னு கேட்டா” என்று மடக்கிவிட்டார்.

இந்த முறை தாளில் மூன்றே வரி. அடிபட்டால் முதலில் சொல்ல வேண்டும். ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் திட்ட மாட்டேன். கூடவே ஒரு நோட்டு வைத்தேன். நேரம், யாருக்கு, என்ன ஆயிற்று என்று எழுத. “அங்கிள் திட்டினாரான்னு ஒரு கட்டம் போடுங்க, அப்பத்தான் நம்புவோம்” என்றார்கள் பிள்ளைகள். போட்டேன்.

அன்றைக்கு நாங்கள் போன ஏரிக்கரையில் எனக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. எறும்பு கடித்தது. செருப்பு வார் அறுந்தது. விக்கல் வந்தது. “அங்கிள், இவன் என்னைப் பாத்துப் பல்ல காட்டினான், எழுதுங்க.” எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று வரிசையாக வந்தது.

மத்தியானம் பந்து எடுக்கப் போய் ஒரு கருவேல முள் என் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிவிட்டது. ஓரமாகப் போய்ப் பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தேன். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதையெல்லாமா சொல்வது?

“அங்கிள், ஏன் காலத் தூக்கித் தூக்கி நடக்கீக?”

அவள்தான். இடது கண்ணோரம் மட்டும் லேசாக நிறம் மாறியிருந்தது.

“ஒண்ணுமில்லம்மா.”

இடுப்பில் கை வைத்தாள். “ரெண்டாவது ரூல் என்ன அங்கிள்?”

என்னை உட்கார வைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, தன் பாட்டில் தண்ணீரைக் காலில் ஊற்றினாள். ‘போதும்மா’ என்றாலும் நிறுத்தவில்லை. பிறகு நோட்டை வாங்கித் தானே எழுதினாள்: ‘அங்கிள், முள்ளு, இடது கால், மறைச்சாரு.’

கடைசிக் கட்டம் பாக்கி இருந்தது. பென்சிலைக் கடித்தபடி என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘கொஞ்சம் திட்டினேன்’ என்று எழுதி நோட்டை மூடினாள்.