பளபளத்த கோழிகள்

கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த மகேஸ்வரி, கோழி நோய்களைக் கண்டறியும் ஒரு தனியார் லேபில் பதினாறு வருஷமாக வேலை பார்த்தாள். அவள் ஒரு முடிவு சொன்னால் பண்ணைக்காரர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள், குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் வளர்ந்த உத்தமன் அட்டைப்பெட்டியோடு வந்தான். பாருய்பூர் பக்கம் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருப்பவன். பெட்டியில் இருபது குஞ்சுகள் செத்துக் கிடந்தன. பின்புறத்தில் வெள்ளைக் கழிச்சல் சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்தது.

"ஒரு பேட்ச்ல பாதி போச்சுக்கா. கண்ண மூடிட்டு நிக்குது, அப்படியே விழுந்துடுது."

அறுத்துப் பார்த்தாள். ஈரலெல்லாம் வெள்ளைப் புள்ளி. கல்ச்சர் வைத்ததில் நாலாம் நாள் புல்லோரம் என்று உறுதியானது. தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும் பாக்டீரியா நோய்.

"தாய்க்கோழியா? ஜனவரில நீங்கதானேக்கா டெஸ்ட் பண்ணி க்ளீன்னு ரிப்போர்ட் குடுத்தீங்க?"

மறுநாளே பண்ணைக்குப் போனாள். கோழிகள் கொண்டை சிவந்து, இறகு பளபளக்கத் திரிந்தன. ஐஸ் பெட்டியிலிருந்து ரத்தச் சோதனைக்கான நீல மருந்தை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"எதுக்குக்கா சும்மா நிக்கறீங்க?"

"மருந்து ஜில்லுனு இருந்தா ரத்தம் சீக்கிரம் திரளாது. நோய் இருந்தாலும் இல்லாத மாதிரி..."

ஜனவரியில் ஒரே நாளில் மூன்று பண்ணை. அன்று அவள் காத்திருக்கவே இல்லை.

முதல் கோழியின் இறக்கையில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைப் பீங்கான் தட்டில் மருந்தோடு கலந்தாள். ஒரு நிமிஷத்துக்குள் நீலம் துணுக்குத் துணுக்காகத் திரண்டது. மதியத்துக்குள் இருநூறில் நாற்பத்தொன்றுக்கு நோய்.

"இதுவா? தினம் முட்டை போடுதேக்கா!" உத்தமன் ஒரு கோழியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"தப்பு என்னோடது உத்தமா. அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன்."

அவன் கோழியைக் கீழே விட்டான். "ஆறு பண்ணைக்கு இந்தக் குஞ்சைக் குடுத்திருக்கேனே."

அங்கிருந்தே லேப் மேனேஜர் சிவராமகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள்.

"மருந்து கெட்டிருந்துதுன்னு எழுதிடலாமேம்மா?" என்றார் அவர்.

"மருந்து நல்லாத்தான் இருந்துது சார்."

ஆறு பண்ணைகளுக்கும் அவளே பேசினாள். இரண்டில் குஞ்சுகள் ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தன. உத்தமன் கோழிக் கூட்டம் முழுவதையும் அழித்து, கொட்டகையைக் கழுவி, ஆடி மாதம் புதுக் கோழிகளை இறக்கினான். சோதனைக்கு அதே லேபைத்தான் கூப்பிட்டான். போனை எடுத்தவள் மகேஸ்வரி.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவ வேற யாரையாவது அனுப்புங்க."

"சரிப்பா," என்று தேதியைக் குறித்துக்கொண்டாள்.