ஓரம் வெட்டாத பாஸ்போர்ட்

பாடாங் பெசார் ரயில் நிலையத்து மாடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ரெஜாப்பை ரெஜாப் என்று கூப்பிட அங்கே ஆள் கிடையாது. மலேசியக் கவுண்டரில் இருப்பவர்களுக்கும், அதே கூரைக்குக் கீழே பத்தடி தள்ளித் தாய்லாந்துக் கவுண்டரில் இருப்பவர்களுக்கும் அவர் 'பாக் ஆறுமாசம்'. பாக் என்பது வயதுக்குக் கொடுத்த மரியாதை. பின்னால் வருவது அவரே தேடிக்கொண்டது.

ரயில் வந்து நின்றால் பொட்டலக் கூடையோடு கீழே இறங்கிவிடுவார். வரிசையில் நிற்பவர்களுக்கு ஒட்டரிசிச் சோறும் பொரித்த கோழியும் விற்பது தொழில். சோற்றுப் பொட்டலத்தை ஒரு கையால் கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பது சேவை. இந்தச் சேவையை அவரிடம் யாரும் கேட்கவில்லை. தேதி முடிய ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்துவிட்டால் மனிதர் முகம் மலர்ந்துவிடும்.

"முடிஞ்சுது கதை. உள்ள விடமாட்டாங்க. ஊருக்குப் போய்ப் புதுசு எடுத்துட்டு வா" என்பார். சொல்லிவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர்களைக் கவனிப்பது போல ஒரு துண்டு கோழி கூடுதலாக வைப்பார்.

எப்போதும் சரியாகச் சொல்வார் என்றும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹாட்யாயில் துணி வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய அலோர் ஸ்டார் பெண் ஒருத்தியின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, உன்னை மலேசியாவுக்குள் விடமாட்டார்கள் என்று சொல்லி அழவைத்துவிட்டார். "பாக், அவ மலேசியாக்காரி. சொந்த நாட்டுக்குள்ள வர்றதுக்கு எதுக்கு ஆறு மாசம்?" என்று கவுண்டரில் இருந்தவர் கத்திய பிறகுதான் கூடையைத் தூக்கிக்கொண்டு நழுவினார். அந்த வாரம் முழுக்க அவர் பாஸ்போர்ட் பக்கம் கையை நீட்டவில்லை. அடுத்த வாரம் பழையபடி நீட்டினார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வந்து வாய்த்தாள் புவாவன்.

வியன்டியானில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நூடுல்ஸ் கடை நடத்துகிறவள். சாம் முஸ்லிம் குடும்பம், கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அலோர் ஸ்டாரில் குடியேறிவிட்ட தம்பியின் மகளுக்கு நிக்காஹ் என்று லாவோஸிலிருந்து பாங்காக், பாங்காக்கிலிருந்து பாடாங் பெசார் என்று இரண்டு இரவு ரயிலில் தூங்கி எழுந்து வந்தாள். மலேசியக் கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அதிகாரி படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முத்திரையைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ரெஜாப், ஊருக்கே கேட்கும்படி, "அடடே, ஆறு மாசம் இல்லையே!" என்றார்.

அதிகாரி முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு தேதியைப் பார்த்தார்.

திரும்பிப் போகும் ரயில் மாலையில்தான். புவாவன் பரிசுச் சீலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரெஜாப் தட்டு நிறையச் சோறும் கோழியும் கொண்டுபோய் வைத்தார். அவருக்கு எல்லைப்புறத்துத் தாய்லாந்து மொழி தெரியும், அவளுக்கும் அது புரியும்.

"காசு வேண்டாம், சாப்பிடும்மா."

அவள் ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள். "இதுவா ஒட்டரிசி? எங்க ஊர்ல இதைக் கோழிக்குப் போடுவோம்."

"கோழி எப்படி இருக்கு?"

"கோழி நல்லாத்தான் இருக்கு. பாவம், அது வாயைத் திறக்காத ஜென்மம்."

வண்டி ஏறும்போது அவள் சொன்னாள்: "என்னைத் திருப்பி அனுப்பினது அந்த அதிகாரி இல்ல. நீங்கதான். நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்." மறக்காமல் இருக்க வசதியாகப் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனாள்.

முதலில் மன்னிப்புக் கேட்கத்தான் அவர் கூப்பிட்டார். அவள் எடுக்கவே இல்லை. நெடுநாள் கழித்து ஒருநாள் எடுத்தாள். பிறகு அசர் தொழுகை முடிந்ததும் தினம் ஒரு போன் என்று ஆயிற்று. வியன்டியானும் தாய்லாந்தும் ஒரே மணி, மலேசியா ஒரு மணி முந்தி. அதனால் ரெஜாப் தன் கடைக் கடிகாரத்தை விட்டுவிட்டு தாய்லாந்துக் கவுண்டர் கடிகாரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்படியில் நிற்கும் அக்கா சாரிபாவுக்கு இது போதாதா?

"நேரம் பாக்குற லட்சணத்தைப் பாரு. கழுத்து சுளுக்கிக்கப் போகுதுடா."

"சும்மா இரு அக்கா. ரயில் நேரம் பாக்குறேன்."

"எந்த ரயிலு? நூடுல்ஸ் கடை ரயிலா?"

கடைசியில் புவாவனே பேச்சை முடித்தாள். மலாய்ப் பெண்கள் கட்டிக்கொள்ளப்போகிறவனைக் கூப்பிடுவது போல 'பாங்' என்று கூப்பிட அதற்குள் பழகியிருந்தாள். "பாங், போன்லயே காலத்தைக் கழிக்க எனக்கு வயசு இல்ல. எங்க பெரியவங்க வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அப்புறம் உட்காருவாங்க. நேர்ல வந்து கேளுங்க. பிளேன்ல எல்லாம் வரக்கூடாது. நான் ரெண்டு ராத்திரி வந்த பாதை இருக்குல்ல, அதுல வாங்க. அப்பதான் உங்களுக்கு அது தெரியும்."

ரெஜாப் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். எல்லை தாண்டி மிளகாயும் கோழியும் வாங்கப் போக எல்லைவாசிகளுக்கென்று கொடுக்கும் அட்டை இருக்கிறது. அதை வருஷம் தவறாமல் புதுப்பித்துவிடுவார். பாஸ்போர்ட்டை அவர் வெளியே எடுத்தது ஒரே ஒரு பயணத்துக்கு. மனைவி ஜமாலியாவோடு உம்ரா போய்வந்ததற்கு. அதில் ஒரே பக்கத்தில்தான் முத்திரை இருந்தது. அந்தப் பயணம் முடிந்த அடுத்த நோன்புக்கு ஜமாலியா இல்லை.

அவருடைய பாஸ்போர்ட்டில் ஆறு மாதமும் மேலே ஐந்தாறு நாளும் மிச்சம் இருந்தது.

"புதுசு எடுத்துட்டுப் போயேன்டா. காங்கார் பாஸ்போர்ட் ஆபீசுக்குக் காலையில போனா மத்தியானம் கையில குடுத்துடுறான்" என்றாள் சாரிபா.

"எதுக்கு? ஆறு மாசத்துக்கு மேலயே இருக்கு."

"ஊர்ல இருக்குறவன் பாஸ்போர்ட்டெல்லாம் புதுப்பிக்கச் சொல்லுவ. உன்னோடது மட்டும் ஊறுகாயா, வச்சு வச்சுத் தொட்டுக்கிறதுக்கு?"

ரெஜாப் மறுப்பதன் காரணம் சாரிபாவுக்கும் தெரியும். புதுசு கொடுக்கும்போது பழையதைச் செல்லாததாக்க அதன் ஓரத்தைக் கத்தரியால் வெட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். மக்கா போய்வந்த புத்தகம். ஜமாலியா தன் கைப்பைக்குள் தன்னுடையதோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த புத்தகம். அதன்மேல் ஒருவன் கத்தரி வைப்பதை எதிரில் உட்கார்ந்து பார்க்க ரெஜாப்பால் முடியாது. நூறு பேரை ஈவு இரக்கமில்லாமல் திருப்பி அனுப்பிய ஆளுக்கு ஒரு காகித முனை பெரிய விஷயமாக இருந்தது. இதை வெளியே சொன்னால் நிலையமே சிரிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

மோதிரம் ஒன்று, டோடோல் மிட்டாய் ஒரு பெட்டி, கிளம்பிவிட்டார். தாய்லாந்துக் கவுண்டரில் பிரசோங் இருந்தான், பத்து வருஷமாக அவர் கடையில் சாப்பிடுகிறவன். புத்தகத்தைப் புரட்டியவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பாக், இதை லாவோஸ்ல காட்டணுமா?"

"ஆமா. ஆறு மாசம் இருக்குல்ல?"

"இங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினான். மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறவரிடம் அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த 'இங்க' ரெஜாப்பின் காதில் ஏறவில்லை. அவர் பார்த்த பாஸ்போர்ட் எல்லாம் அவர் கண்ணெதிரே ஒரே ஒரு வாசலைத் தாண்டின. அதற்கப்புறம் அவை எத்தனை நாடு போயின, ஒவ்வொரு வாசலிலும் நாள் புதிதாக எண்ணப்படும் என்பது அவர் புத்தியில் ஒருநாளும் பட்டதில்லை.

ஹாட்யாயில் மழை பிடித்துக்கொண்டது. தண்டவாளம் தண்ணீருக்குள் போய்விட்டது. வடக்கே போகும் பஸ்கள் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தன.

"பஸ் ஏறிப் போய்த் தொலையேன்டா!" என்று போனில் கத்தினாள் சாரிபா.

"ரயில்ல வரச் சொல்லியிருக்கா அக்கா. நான் ரயில்காரன்."

"நீ சோத்துக்கடைக்காரன்!"

தெரிந்தவர் வீட்டில் ஒரு வாரம் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியன்டியான் பெரியவர்களும் பெருந்தன்மையாக அடுத்த வெள்ளிக்கு ஒத்திவைத்தார்கள். மிச்சமிருந்த ஐந்தாறு நாளும் அந்த டீயோடு கரைந்தது.

பாங்காக்கில் வண்டி மாறி, நோங்காயில் தாய்லாந்தை விட்டு வெளியேறி, மேக்கோங் ஆற்றைத் தாண்டி வெள்ளிக்கிழமை காலை வியன்டியானின் கம்சவாத் நிலையத்தில் இறங்கினார் ரெஜாப். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கவுண்டரில் ஒரு சின்னப் பெண். புத்தகத்தைப் புரட்டினாள், விரல்விட்டு எண்ணினாள், பக்கத்தில் இருந்தவனிடம் காட்டினாள். அவனும் எண்ணினான்.

"மாமா, இது பத்தாதே. ஆறு மாசம் வேணும்."

"கிளம்பினப்ப இருந்துச்சும்மா!"

"அது அந்த வாசலுக்கு. இது எங்க வாசல். சாயங்கால வண்டியில திரும்பிப் போயிடுங்க. புதுசு எடுத்துட்டு வாங்க."

தன்னுடைய வசனத்தை இன்னொருவர் வாயால், அதுவும் இத்தனை பணிவாக, அவர் கேட்டதே இல்லை. வரிசையில் நின்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் புவாவன் நின்றிருந்தாள். பட்டுச் சீலை, தலையில் முக்காடு, பின்னால் இரண்டு பெரியவர்கள். சின்னப் பெண் போய் விஷயத்தைச் சொன்னாள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெளியே டீ குடிக்கப் போனார்கள். புவாவன் கம்பிக்குப் பக்கத்தில் வந்தாள். சிரித்துவிடுவாள் என்று ரெஜாப் பயந்தார். சிரிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"ஏன் பாங்? ஊருக்கெல்லாம் சொல்றவர்தானே நீங்க? என்கிட்ட வர்றதுக்கு மட்டும் இவ்வளவு அசட்டையா?"

பொய் சொல்ல அவருக்கு நிறைய இடம் இருந்தது. மழை இருந்தது, தண்டவாளம் இருந்தது. ஆனால் பாஸ்போர்ட்டைத் திறந்து அந்த ஒரு பக்கத்தைக் கம்பி வழியே காட்டினார். ஜமாலியாவைச் சொன்னார். கைப்பையைச் சொன்னார். கத்தரியைச் சொன்னார்.

புவாவன் அந்த முத்திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"அவங்களையும் கூட்டிக்கிட்டு என்னைக் கேக்க வந்திருக்கீங்க" என்றாள்.

"அப்படி நினைச்சு..."

"தப்புன்னு சொல்லல. எங்க வீட்டுக்காரர் சட்டை ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. கிழிக்க மனசு வரல. கடைசியில ஒருநாள் அதைக் கிழிச்சுக் கரித்துணியாக்கினேன். இப்ப சூப்புப் பானையை அதாலதான் இறக்குறேன். அதுக்கு அப்புறம்தான் உங்க போனை எடுத்தேன். நீங்க என்னடான்னா, அதுவரைக்கும் நான் கோவமா இருந்தேன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க."

ரெஜாப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மோதிரப் பெட்டி சட்டைப் பையில் உறுத்தியது. அதை எடுக்கலாமா கூடாதா என்றுகூட அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

"பெரியவங்ககிட்ட என்ன சொல்லப்போற?"

"மாப்பிள்ளை இன்னும் புறப்படலைன்னு சொல்றேன். ஓரத்தை வெட்டிட்டு வாங்க. வெட்ட முடியலைன்னா வராதீங்க. அப்பவும் நான் கோவிச்சுக்கமாட்டேன்."

போய்விட்டாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். பகல் முழுக்க அந்தப் பக்கத்து பெஞ்சில் அவள், இந்தப் பக்கத்து பெஞ்சில் அவர். கம்பி வழியாக ஒரு மூங்கில் கூடையை நீட்டினாள். ஒட்டரிசிச் சோறும் பொரித்த கோழியும்.

"காசு வேண்டாம். சாப்பிடுங்க. இதுதான் ஒட்டரிசி."

ரெஜாப் சாப்பிட்டார். அவள் சொன்னது உண்மைதான். இத்தனை வருஷமாக அவர் விற்றது கோழித் தீவனம்.

பாடாங் பெசாரில் இறங்கியபோது செய்தி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. தாய்லாந்துக் கவுண்டரில் பிரசோங் எழுந்து நின்று கையை நீட்டினான். "பாக், எங்க, பாஸ்போர்ட்டைக் காட்டுங்க பாப்போம்." வரிசை முழுக்கச் சிரித்தது. சாரிபா மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக் கோழி இரண்டு துண்டு வைத்தாள். துக்க வீட்டுக் கணக்கு அவளுக்கும் தெரியும்.

பத்து நாள் அவர் காங்கார் பக்கம் போகவில்லை. போன் செய்யவும் இல்லை, அங்கிருந்து வரவும் இல்லை. அசர் முடிந்ததும் கண் மட்டும் பழக்கத்தில் தாய்லாந்துக் கடிகாரத்துக்குப் போய்விட்டு வந்தது. பதினோராம் நாள் காலை தொப்பியைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். பஸ்ஸில்தான்.

படம் எடுத்தார்கள், விரல் ரேகை எடுத்தார்கள். மத்தியானம் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்தவர் அடுத்த ஆளோடு பேசிக்கொண்டே, பார்க்காமலே, பழையதின் ஓரத்தை வெட்டினார். கறிவேப்பிலை கிள்ளுகிற நேரம்கூட ஆகவில்லை. வெட்டிய துண்டு மேசையில் விழுந்தது. ரெஜாப் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேற ஏதாவது வேணுமா பாக்?"

"ஒண்ணும் வேணாம்" என்று சொல்லி இரண்டு புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். போனை எடுத்தார். அசர் நேரம் ஆகவில்லை. மலேசிய மணியிலும் ஆகவில்லை, வியன்டியான் மணியிலும் ஆகவில்லை. ஆனாலும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"வெட்டியாச்சு" என்றார்.

அந்தப் பக்கம் பானையை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது.

"வலிச்சுதா?"

ரெஜாப் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வலிச்சுது" என்றார்.

"அப்ப வாங்க."