வாப்பாவின் சோற்றுக்கை

போன வாரம் மெட்ராஸில் ஒரு நண்பர் வீட்டில் சாப்பாடு. நண்பரின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. வலது கையைத் துணியில் தொட்டில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். மருமகள் ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். 'இப்படி ஒரு மருமகள் யாருக்குக் கிடைக்கும்?' என்று ஆளாளுக்கு மெச்சினார்கள்.

எனக்கு மட்டும் எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "அந்தத் துணியை அவிழ்த்து எறியுங்கள். அவரே அள்ளிச் சாப்பிடட்டும்!" என்று கத்திவிட்டேன். நண்பர் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்ட வேகத்தைப் பார்த்தால், இனி அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடையாது.

போகட்டும். உங்களிடமாவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. பழவேற்காட்டில் என் வாப்பாவுக்கும் அது வந்தது. காலுக்கு அதிகப் பாதகமில்லை. வலது கைதான் விழுந்துவிட்டது. பார்த்த டாக்டர், "மூளையில் கையை ஆட்டுகிற இடம் செத்துப்போச்சு. செத்தது செத்ததுதான். நல்லா பார்த்துக்குங்க" என்றார். பார்த்துக்கொண்டோம்! இடது கையால் சாப்பிட வாப்பா ஒப்பவில்லை. மூன்று வேளையும் நான்தான் ஊட்டினேன்.

அதே வருடம் கன்னியம்மாவுக்கும் பக்கவாதம். அதே வலது கை. ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறவள் அவள். இரண்டு கையும் சேற்றில் துழாவ வேண்டுமே — பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்விக்கொள்வது கையால் இறால் பிடிப்பவர்கள் வழக்கம்.

ஆறேழு மாதம் கழித்துக் கொல்லைப்புறத்தில் வந்து நின்றாள். வலது கையால் இறாலை அள்ளி உம்மாவின் சட்டியில் போட்டாள். வாப்பா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கன்னிம்மா, கைக்கு யாரும்மா வைத்தியம் பாத்தது?"

"எனக்கு யாரு பாய் பாக்கப்போறா? வாய் கோணிப்போச்சா, பறியைக் கவ்வ முடில. பீச்சாங்கையில அதைப் புடிச்சிக்கினேன். அப்புறம் தொழாவ இன்னா கீது? இந்தக் கைதான். ஒரு மாசம் வெறும் சேறுதான் வந்திச்சி. உட்டா சோறு ஏது?"

அன்று பகல், யாரும் சொல்லாமலே, வாப்பா வலது கையைத் தட்டில் வைத்தார். அக்காவின் மாமியார் வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். விரல்கள் சோற்றைத் தொட்டன, ஒன்றுசேரவில்லை. பாதிச் சோறு பாயில் சிந்தியது. "இரு... இன்னொரு தடவை" என்றார். சம்பந்திகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு மானம் போனது. அந்தக் கையைத் துடைத்து அவர் மடியில் வைத்து, "வேணாம் வாப்பா, நான் ஊட்டறேன்" என்றேன். எவ்வளவு அன்பாகச் சொன்னேன் தெரியுமா?

அதன்பின் அவர் முயலவே இல்லை. விரல்கள் சுருண்டு இறுகிப்போயின. நாலு வருடம் ஊட்டி ஊட்டியே அனுப்பிவைத்தேன்.

அதற்கப்புறம்தான் ஒரு இளம் டாக்டர் சொன்னார்: "செத்த இடம் செத்ததுதான் சார். ஆனா பக்கத்து இடம் அந்த வேலையைக் கத்துக்கும். அதுக்குக் கை முயற்சி பண்ணி, மூளைகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கணும். எல்லாருக்கும் முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். கேக்காம விட்டா வராது."

கன்னியம்மாவின் கை தினமும் கேட்டது. வாப்பாவின் கை ஒரே ஒரு நாள் கேட்டது. சம்பந்திகள் முன்னால் நான் அதை அடக்கிவிட்டேன்.

பசிதான் நல்ல வைத்தியர் என்று தத்துவம் பேச வரவில்லை. படுக்க நாதியில்லாமல் ஒருத்தி கோணிய வாயோடு தண்ணீரில் நின்றதைப் புகழ எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் நம் வீடுகளில் நோயாளியைக் கவனிப்பதில் பாதி அவருக்காக, மீதி பார்க்க வருகிறவர்களுக்காக... இல்லையா?

ஊரில் இன்றும் என்னைச் சொல்கிறார்கள் — 'வாப்பாவைக் கடைசிவரை கையில் வைத்துத் தாங்கின பிள்ளை' என்று.

தாங்கினேன்தான். அவர் கைக்கு வேலையே வைக்காமல்!