பிள்ளைக்குப் பரீட்சை, வாசலில் நிற்பவருக்கு விசாரணை

வீடு வீடாகப் போய், பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கதையைப் படிக்கத் தெரிகிறதா, ஒரு கணக்குப் போடத் தெரிகிறதா என்று பார்த்துக் குறித்து வருவதுதான் எங்கள் தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. கையில் தாளும் கழுத்தில் அட்டையுமாக அடுத்தவர் வாசலில் நின்று பழகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கியாஸ்காரி, ஓட்டர் லிஸ்ட்காரி, கொசு மருந்துக்காரி என்று எல்லாமாகவும் இருந்து பார்த்த பிறகுதான், நாம் யாரென்று சொல்லவே விடுவார்கள்.

குடும்பத் தலைவர்

ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயி வீடு. நாலாவது படிக்கும் மகளிடம் கதைத் தாளைக் கொடுத்தேன். முதல் வரியிலேயே அவள் கொஞ்சம் திணறினாள். அவ்வளவுதான், வயலிலிருந்து அப்போதுதான் வந்த அப்பா சேற்றுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிவிட்டார். தொண்டையைச் செருமி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கடைசிவரை படித்தார். "நைனா, எனக்குத்தான் குடுத்தாங்க" என்று மகள் இழுத்ததெல்லாம் அவர் காதில் விழவில்லை.

"பரீட்சை பாப்பாவுக்குங்க" என்றேன். அவர் தாளை என்னிடம் நீட்டினார். "ரேஷன் கார்டுல குடும்பத் தலைவரு நான்தானே மேடம்? நான் பாஸுன்னா ஊடே பாஸுன்னு எழுதிக்குங்க!"

மீதி மூன்று

பழவேற்காட்டில் மீன்பிடிக்கிறவர் வீட்டுச் சிறுமி, ஐந்தாவது. நாற்பத்தேழை நாலால் வகுக்கச் சொன்னால் தாளையே வெறித்துக்கொண்டிருந்தாள். "நாப்பத்தேழு நண்டு, நாலு பேருக்குச் சமமாப் பங்கு போடு" என்றேன். சட்டென்று, "ஆளுக்குப் பதினொண்ணு" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். "மீதி எவ்வளவு?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னா மிஸ், எங்க அண்ணன் ஊட்ல இருக்கும்போது மீதி எப்படி இருக்கும்?"

தும்மல்

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடு ஒன்றில், "பொண்ணு ஊர்ல இல்ல மேடம்" என்றார் அம்மா. பேக்கிங் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் வந்தது. அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அஞ்சாவது போறா. ஒண்ணாங்கிளாஸ் புள்ள படிக்கிறதுகூட இவளுக்கு வரல. நாலு பேரு எதிர்ல எப்படிக் காட்டுறது?" என்றவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் மகேஸ்வரி வெளியே வந்தாள். எழுத்துகளைத் தனித்தனியாகச் சொன்னாள். சேர்த்துப் படிக்க வரவில்லை. "உன்மேல தப்பில்ல, சேர்த்துப் படிக்க உனக்கு யாரும் சொல்லித் தரல, அவ்வளவுதான்" என்று சொல்லி, அந்தத் தெருவில் நாங்கள் நடத்தும் சாயங்கால வகுப்பில் அன்றைக்கே உட்கார வைத்தேன். முதல் வாரம் வாயே திறக்கவில்லை. இரண்டாம் மாதம் ஒரு நாள், விரல் வைத்து, வேர்த்து விறுவிறுத்து ஒரு கதை முழுவதையும் படித்து முடித்தாள். அன்றைக்கு நான் தாளில் எதுவும் குறிக்கவில்லை, கண்ணீரில் தாள் தெரிந்தால்தானே?

போன வாரம் வழியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். "இப்பப் படிக்கிறாளா?" என்றேன். "பேஜாரு மேடம்! அவங்கப்பா போனுக்கு வர்ற மெசேஜையெல்லாம் சத்தமாப் படிக்கிறா. அந்த மனுசன் போனைப் பக்கத்து ஊட்ல குடுத்துட்டுத்தான் உள்ளயே வர்றாரு!"

பிள்ளைகளைச் சோதிப்பதற்காகத்தான் எங்களை அனுப்புகிறார்கள். பாஸா பெயிலா என்று தெரியாமல் தினமும் ஷேர் ஆட்டோ ஏறுவது என்னவோ நாங்கள்தான்.