மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிய கேம் மெஷின்

குரல் கேட்டது, உருவம் தெரிந்தது என்று யாராவது ஆரம்பித்தால் நடுவிலேயே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடும் ஆள் நான். என் வேலையும் அப்படி. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது. ஒரு பிழை வந்தது என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, அதை மறுபடியும் வரவழைத்துக் காட்ட முடியுமா என்பதுதான். முடியாது என்றால் அப்படியொன்று நடக்கவில்லை என்று எழுதி மூடிவிடுவேன். ஏழு வருடமாக இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் கேட்கப்போகிற கேள்விகள் எல்லாவற்றையும் நானே என்னிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். பதில் கிடைக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

எங்கள் வீடு ஸ்ரீராம்புரத்தில், மாடியில். கீழ் வீட்டில் மஞ்சு என்கிற மஞ்சுநாத்தும் அவன் மனைவியும், கன்னடக்காரர்கள். மேலே அப்பா, அம்மா, நான். போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. பேச்சும் போய்விட்டது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது, ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. ‘அப்புறம்’. சாப்பிட்டீர்களா என்றாலும் அப்புறம், வலிக்கிறதா என்றாலும் அப்புறம், விளக்கை அணைக்கட்டுமா என்றாலும் அப்புறம். முப்பது வருடம் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர் அவர். தமிழ், கன்னடம், உருது என்று எதிரே நிற்பவருக்குத் தகுந்த மாதிரி ஒரே மூச்சில் பாஷையை மாற்றி மூன்று பேரைத் திட்டவும் தெரியும், மூன்று பேரையும் சிரிக்க வைக்கவும் தெரியும். அந்த மனுஷரிடம் ஒரு வார்த்தைதான் பாக்கி.

பக்கவாதம் வந்த எட்டாவது மாதம் எங்கள் ஆபீசில் குடும்பத்தோடு வரச்சொல்லி ஒரு நாள் வைத்தார்கள். அங்கே சாப்பாட்டு அறை ஓரத்தில் ஆளுயர கேம் மெஷின் ஒன்று நிற்கும். முன்பெல்லாம் வீடியோ கேம் கடைகளில் இருந்ததே, மேலே திரை, இடுப்பு உயரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஒரு குச்சியும் நாலு பட்டனும், அந்த மாதிரி. விண்கலத்தை ஓட்டிக்கொண்டே எதிரே வருவதையெல்லாம் சுட வேண்டும். அப்பாவை அதன் முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுக் காபி எடுக்கப் போனேன். நான் திரும்பி வரும்போது விண்கலம் வெடித்தது, அப்பா சொன்னார்:

“ச்சே, போச்சுடா.”

நாக்கு குழறவே இல்லை. காபி என் கையிலேயே கொட்டியது. அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணியிடம் இதைச் சொன்னபோது, திட்டுவது, சலித்துக்கொள்வதெல்லாம் யோசிக்காமல் வருகிற பேச்சு, சில பேருக்கு அதைப் பிடித்துக்கொண்டு மற்ற பேச்சையும் இழுத்து வர முடியும் என்றார். சில பேருக்கு என்றது எனக்குப் போதுமாக இருந்தது. இரண்டு மாதத்தில் ஆபீஸ் வேறு கட்டடத்துக்கு மாறியது, வேண்டாத சாமான்களை ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பட்டியல் வந்தது, மெஷினுக்கு நேரே முதலில் பெயர் போட்டவள் நான்தான்.

அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். “ஃப்ரிட்ஜே நம்ம படியில ஏறல, பால்கனி வழியா கயிறு கட்டித்தான் தூக்கினோம். இது எப்படிடீ ஏறும்?”

ஏறும் என்று நான் காட்டினேன். படியின் அகலம், திருப்பத்தின் நீளம், கைப்பிடிக் கம்பியின் உயரம், வாசல், எல்லாவற்றையும் அளந்து போனில் பட்டியல் போட்டேன். மெஷினையும் அளந்தேன். ஆனால் அடிப்பாகத்தில் டேப்பை வைத்து அளந்தேன். இடுப்பு உயரத்தில் அந்தப் பட்டன் பலகை முக்கால் அடி முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இத்தனைக்கும் அப்பா அந்தப் பலகையின் மேல் கை வைத்துத்தான் விளையாடினார், நான் கண்ணால் பார்த்தேன். வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், மெஷின் வந்து இறங்கியது. ராத்திரி இல்லை, மழை இல்லை, கரண்ட் போகவில்லை, இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கியவர்கள் மூன்று பேர். மேலே நின்று இழுத்தபடி பின்பக்கமாகப் படி ஏறியவன் என் பெரியப்பா மகன் பிரபு அண்ணன். நடுவில் பக்கவாட்டில் தாங்கியவன் மஞ்சு. கீழே முழுப் பாரத்தையும் தோளில் வாங்கியவர், லோடு ஆட்டோ ஓட்டிவந்த நயாஸ் பாய். அவரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறோம். அப்பாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் மாடி வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், நாற்காலியில் அப்பா. சத்தம் கேட்டு எழுந்துவிடப் பார்த்தார், அதனால் என் இடது கையை அவர் தோளில் வைத்துக்கொண்டே நின்றேன். இது முக்கியம். கடைசி வரை அந்தக் கையை நான் எடுக்கவில்லை.

ஏழு படி ஏறினார்கள். திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. பலகை கைப்பிடிக் கம்பியில் இடித்தது, முதுகுப்பக்கம் சுவரில் இடித்தது, மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். நயாஸ் பாயின் மூச்சு மேலே நின்ற எனக்கும் கேட்டது. அவர் கால் வழுக்கினால் மெஷினோடு ஏழு படியும் உருளுவார். எனக்குத் தெரிந்தது பிரபு அண்ணனின் முதுகும் மெஷினின் தலையும்தான். என்ன செய்யச் சொல்வதென்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போனில் பட்டியலைத் திறந்து அளவுகளை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போது அப்பாவின் தோள் என் கைக்குக் கீழே அசைந்தது. பேசும்போது ஒருவருடைய தோளில் கை வைத்திருந்தால் லேசாக ஒரு அதிர்வு தெரியும் இல்லையா, அப்படி. பயத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். அவர் அழுவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் திரும்பவில்லை. அன்று செய்த தப்புகளில் பெரியது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நாலைந்து நிமிடம் இருக்கும். ‘டக்’ என்று ஒரு சத்தம். மெஷின் லேசாகச் சாய்ந்தது, திரும்பியது, மேலே வந்தது. பட்டன் பலகை கழன்று, ஒயரில் தொங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பலகை கழலும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஹாலில் இறக்கி வைத்துவிட்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். அம்மா காபி கொண்டுவந்தாள். பிரபு அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

“நல்ல வேளை சித்தப்பா, நீங்க சொன்னீங்க. இல்லன்னா நான் கீழ வெச்சிருப்பேன், பாயோட கதை முடிஞ்சிருக்கும்.”

அம்மா என்னைப் பார்த்தாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். கீழே வைக்காதே, உன் முதுகைச் சுவரில் சாய்த்து அப்படியே நில் என்று சொன்னாராம், தமிழில். பின்னாலிருந்து, அதாவது என் பக்கத்திலிருந்து குரல் வந்ததாம்.

மஞ்சு உடனே மறுத்தான். அங்கிள் தமிழில் எங்கே பேசினார், கன்னடத்தில் இல்லையா சொன்னார், காதுக்குப் பக்கத்தில். “ஒளகே எரடு க்ளிப் இதே, தெகி” என்றாராம், உள்ளே இரண்டு கிளிப் இருக்கிறது, எடு என்று. காசு போடும் இடத்தில் சின்னக் கதவு ஒன்று உண்டு. ஆபீசில் யாரும் காசு போடுவதில்லை என்பதால் அதற்குப் பூட்டு கிடையாது. அதற்குள் கையை விட்டால் நிஜமாகவே இரண்டு கிளிப் இருந்தன, எடுத்தேன், பலகை வந்துவிட்டது என்றான்.

நயாஸ் பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை, ‘பாவ் நீச்சே ரக்கோ’ என்று அவர் பாஷையில், இடது காலை ஒரு படி கீழே வை என்று சொன்ன குரலைத்தான் அவர் கேட்டிருக்கிறார். தனக்குப் பின்னால் கீழ்ப்படியில் யாரோ வயசானவர் நிற்பதாக நினைத்தாராம். மேலே வந்து அப்பாவைப் பார்த்ததும் இவர்தான் என்று தெரிந்ததாம். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், தெரிந்தது என்கிறார்.

ஒருவருக்குக் கேட்டது மற்ற இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. மூன்று பேரும் அந்த ஒரே மெஷினைச் சுற்றித்தான் நின்றிருந்தார்கள். நான் அதே போனில், அதே பட்டியலுக்குக் கீழே, மூன்றையும் வரிசையாக எழுதினேன். பிரபு சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். மஞ்சு கிளிப்பை எடுக்க வேண்டும். பாய் கால் மாற்ற வேண்டும். வரிசை சரி. ஒன்றை முன்னே பின்னே செய்திருந்தாலும் மெஷின் பாயின் மேல் விழுந்திருக்கும்.

அப்பாவிடம் குனிந்து, நீங்களாப்பா சொன்னீங்க என்று கேட்டேன்.

“அப்புறம்” என்றார்.

சாத்தியங்களை எழுதிப் பார்த்தேன். அப்பா நாற்காலியிலிருந்து பேசியிருந்தால் நடுவில் நின்ற எனக்கு முதலில் கேட்டிருக்க வேண்டும். அவர் இறங்கிப் போயிருக்க முடியாது, படியை மெஷின் அடைத்திருந்தது, அவர் தோள் என் கையில் இருந்தது. பதற்றத்தில் மூன்று பேரும் தங்களுக்குத் தோன்றியதையே குரலாகக் கேட்டிருக்கலாம், இதுதான் நியாயமான விளக்கம், இதைத்தான் நீங்களும் சொல்வீர்கள். ஆனால் உள்ளே இரண்டு கிளிப் இருப்பது மஞ்சுவுக்கு எப்படித் தோன்றும்? ஒரு வாரம் கழித்துப் பிரபு அண்ணனிடம் போனில் கேட்டபோது, அன்றைய டென்ஷனில் யார் பேசினார்கள் என்றே ஞாபகமில்லை, விட்டுவிடு என்றான். மஞ்சு அதன் பிறகு படியில் என்னைப் பார்த்தால் அவசரமாக ஏதோ வேலை இருப்பது போல உள்ளே போய்விடுகிறான்.

மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. சாயந்திரம் அப்பா இடது கையால் குச்சியைப் பிடிப்பார், அம்மா பக்கத்தில் நின்று பட்டனை அழுத்துவாள், இரண்டு பேரும் சேர்ந்து விண்கலத்தை வெடிக்க விடுவார்கள். ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் நான் அவர் வாயைப் பார்ப்பேன். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. நான்தான் கேட்டுக்கொண்டே இருப்பேன், இப்ப என்னாச்சுப்பா, போச்சா, எப்படிச் சொல்வீங்க, சொல்லுங்க, ச்சே, அதுக்கப்புறம். பயிற்சியில் அப்படிக் கேட்கச் சொல்லியிருந்தார்கள்.

நயாஸ் பாய் மட்டும் வர ஆரம்பித்தார். எங்கள் தெருப்பக்கம் லோடு இருந்தால் வண்டியை முனையில் விட்டுவிட்டு வந்து அப்பாவோடு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒருநாள் நான் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை செய்துகொண்டிருந்தேன், அறைக்கதவு திறந்திருந்தது. பாயின் பேச்சு மட்டும் கேட்டது. உருதுவில் ஏதோ கேட்பார், நிறுத்துவார், ஆமாம் என்பார், நிறுத்துவார், சிரிப்பார். நோயாளியோடு பேசுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அடுத்த தடவை போனில் பதிவு செய்தேன். அப்படிச் செய்தது சரியில்லைதான்.

பதிவில் பாயின் குரல் மட்டும்தான் இருக்கிறது. இடைவெளிகளை அளந்தேன். சும்மா பேசுகிறவர் விடும் இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இதில் சிலது இரண்டு வினாடி, சிலது பத்து. ஒன்று நாற்பது வினாடி. நாற்பது வினாடி முழுக்கச் சத்தமே இல்லை, மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்கிறது, அது முடிந்ததும் பாய் வாய்விட்டுச் சிரிக்கிறார். யாரோ ஒரு நீளமான கதையைச் சொல்லி முடித்த மாதிரி.

அவர் கிளம்பும்போது படியில் நிறுத்தி, அப்பா என்ன சொன்னார் பாய் என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்க நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

அவருக்கு அது விநோதமான கேள்வியாக இருந்தது. “நீங்க உள்ளதானே இருந்தீங்க மேடம்? கேக்கல்லே?”

இல்லை என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “தப்பா நினைக்காதீங்க. நீங்க கேட்டுக்கிட்டே இருக்கீங்களாம். பதில் எடுத்துட்டு வர்றதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துடுதாம். அவரே சொல்றாரு.”

இதை அவராகவே கவனித்துச் சொல்லியிருக்கலாம். என்னோடு ஐந்து நிமிடம் பேசுகிற யாருக்கும் தெரியக்கூடியதுதான். அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் மறுநாளிலிருந்து ஆபீஸ் வேலை முடிந்ததும் அப்பா பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். ஒன்றும் கேட்பதில்லை. போனை வேறு அறையில் வைத்துவிடுவேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரமும் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது, யாரோ ஒரு லோடு ஆட்டோக்காரரிடம் பேசுவார், பெற்ற மகளிடம் பேச மாட்டாரா என்று. நம்பாத ஒரு விஷயத்துக்காகக் கோபப்படுகிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

போன வியாழக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எதைப் பற்றியும் யோசிக்கவில்லை. எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன், திரும்பி வந்து அப்பாவின் வலது காலில் போர்வையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, இந்தப் புழுக்கத்தில் எதற்கு ஜன்னலைச் சாத்தினாய் என்று கேட்டாள்.

“அப்பாதாம்மா, கால் குளிருதுன்னு…” என்று ஆரம்பித்தேன்.

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா மெஷினின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், எந்தக் குரலும் என் நினைவில் இல்லை. எந்த வார்த்தையும் இல்லை. அவர் சொன்னார் என்பது மட்டும் இருக்கிறது.