மிளகு மரமும் வலிப்பு மாத்திரையும்

மாத்திரையை எழுதிக் கொடுப்பதற்கும் அது நோயாளியின் தொண்டைக்குள் இறங்குவதற்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது. அதில் ஏறி இறங்குவதுதான் நர்ஸ் உத்தியோகம். வீட்டில் யாருக்காவது தினமும் மாத்திரை கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எனக்கு அந்த மலை நிஜமான மலையாகவே அமைந்துவிட்டது. சமவெளிக்காரனான நான் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில், ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். டாக்டரம்மா வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் சில்லறை நோய்களுக்கு நானே மருந்து கொடுக்கலாம். பெரிய விஷயம் என்றால் அவரைப் போனில் கேட்க வேண்டும். போனில் சிக்னல் வேண்டுமென்றால் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பாறைமேல் ஏற வேண்டும்.

எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். இங்கே பெரியசாமியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சில்வர் ஓக் மரங்களில் ஏறி, அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளில் காய் பறிப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கம் ஆள் கிடையாது. ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது வலிப்பு வந்து விழுந்துவிட்டார். தரை என்பதால் நெற்றிக் காயத்தோடு போயிற்று. மரத்து உச்சியில் வந்திருந்தால்? டாக்டரம்மா கீழே அனுப்பி எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, காலையும் இரவும் விடாமல் மாத்திரை, தான் சொல்லும்வரை மரம் ஏறக்கூடாது என்று உத்தரவு போட்டார். அதைப் பெரியசாமி மண்டையில் ஏற்றுவது என் வேலையாயிற்று.

ஊட்டுப் பங்கு

ஒரு மாதத்துக்கான மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன். மாதம் பாதிகூட ஆகவில்லை, "தீந்து போச்சுங்க சார்" என்று வந்து நின்றார். அளவுக்கு மேல் விழுங்கிவிட்டாரோ என்று கண்ணைப் பார்த்தேன், நடக்கச் சொல்லிப் பார்த்தேன். ஆள் தெளிவாக இருந்தார். தெளிவில்லாமல் இருந்தது அவருடைய அண்ணன் காளியப்பன்தான். இரண்டு நாளாகக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டில் களைக்கொத்தோடு உட்கார்ந்தபடியே தூங்குகிறாராம்.

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. அண்ணன் தம்பி எல்லாம் ஒரே அடுப்பு. காட்டிலிருந்து தேன் வந்தாலும் சந்தையிலிருந்து மிக்சர் வந்தாலும் எல்லோருக்கும் பங்கு. மாத்திரைக்கும் அதே சட்டம். வலிப்பு இல்லாதவர்கள் இதைத் தின்றால் தள்ளாட்டம்தான் மிச்சம், இவருக்கோ பங்கு போட்டதில் ஒரு வேளை குறைந்தாலும் ஆபத்து என்று, அண்ணனையும் கூப்பிட்டு உட்காரவைத்து அரை மணி நேரம் விளக்கினேன். காளியப்பன் கொட்டாவி விட்டபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாஞ் சரிங்க சார். ஆனா ஊட்டுல ஒருத்தன் மட்டும் தனியா வாயில போட்டுக்கறது எங்க வழக்கத்துல இல்லீங்களே."

திரும்பச் சொல்லுங்கள்

அந்தச் சமயம் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. நோயாளியிடம் 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள்; நீங்கள் சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள் என்றார்கள். நல்ல யோசனை. பெரியசாமியை உட்காரவைத்து, எந்த மாத்திரை, எப்போது, ஒரு வேளை மறந்தால் என்ன செய்ய வேண்டும், எதனோடு சேர்க்கக்கூடாது, சாராயம் ஏன் கூடாது என்று வரிசையாகச் சொன்னேன்.

அவர் ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னார். நடுவில் நான் இருமிய இருமலையும் அதே இடத்தில் இருமினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட வந்திருந்த அவர் மனைவி சின்னப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்னம்மா சிரிப்பு?" என்றேன். "பஸ்ஸு கண்டக்டரு பேசறதயும் இவரு இப்படித்தாங்க சார் அப்படியே பேசிக் காட்டுவாரு. அதுக்குன்னு பஸ்ஸு நகந்துருமா?"

அதே பெயர்

ஒரு முறை மேலிடத்திலிருந்து வந்த சரக்கில் அதே மருந்து வேறு கம்பெனியுடையதாக வந்தது. மருந்து ஒன்று, அளவு ஒன்று. நிறமும் அட்டையும்தான் வேறு. கொடுக்கும்போதே சொல்லி, அட்டையில் இருந்த பெயரையும் காட்டி அனுப்பினேன். சில நாளில் காட்டு வேலையில் இருக்கும்போது அவருக்கு மறுபடி வலிப்பு. நாக்கைக் கடித்து, சட்டையெல்லாம் ரத்தம். நல்லவேளை, அப்போதும் தரைதான்.

நான் வீட்டுக்கே போனேன். புது மாத்திரை முழுவதும் ஒரு டப்பாவில் பத்திரமாக இருந்தது. அரசாங்கத்துப் பொருளை வீணாக்கக் கூடாதே என்று, பிசகாக வந்ததைத் திருப்பிக் கொடுக்க எடுத்துவைத்திருக்கிறார். "பெயரைக் காட்டினேனே பெரியசாமி, ரெண்டும் ஒண்ணுதான்னு?" என்றேன். வீங்கிய நாக்கை மெல்ல அசைத்து அவர் சொன்னார்: "எருமைய மாத்திக் கட்டிப்போட்டு, பழைய பேரச் சொல்லிக் கூப்பிட்டா அது நம்ம எருமை ஆயிருங்களா சார்?"

அன்றிலிருந்து சரக்கு மாறினால் பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, முதல் மாத்திரையை என் முன்னாலேயே விழுங்கவைத்துத்தான் அனுப்புவேன்.

தோள் மட்டும்

வருடக்கணக்கில் மரம் ஏறிய உடம்பு; தோள்வலி இருந்தது. எங்களிடம் சொல்லாமல் பஸ் ஏறிக் கீழே போய் ஒரு தனியார் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். தற்செயலாக அந்தச் சீட்டு என் கண்ணில் பட்டது. அதில் இருந்த வலி மாத்திரை ஒன்று, வலிப்பு நோய்க்காரர்களுக்கு வலிப்பைக் கிளப்பிவிடக் கூடியது. பாறைமேல் ஏறி டாக்டரம்மாவைப் பிடித்தேன். உடனே நிறுத்தச் சொல்லி, வேறு மருந்து சொன்னார்.

அந்தக் கீழூர் டாக்டருக்கும் போன் போட்டேன். நல்ல மனிதர், பதறிவிட்டார். வலிப்பு இருக்கிறது என்று நோயாளி சொல்லவே இல்லையே என்றார். பெரியசாமியிடம் திரும்பினேன். வேறு என்ன நோய், வேறு என்ன மாத்திரை என்று எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்ல வேண்டாமா? அவருக்கு என் கோபத்தின் நியாயம் பிடிபடவே இல்லை. "தோளு வலிக்குதுன்னு போனேனுங்க. அவரும் தோளப் பத்தித்தான் கேட்டாரு. கேக்காததுக்கெல்லாம் பதிலு சொன்னா மரியாதையாங்க?"

ஏறக்கூடாது

தை பிறந்து மிளகு பழுத்துவிட்டது. எனக்குத் தூக்கம் போயிற்று. அடுத்தவன் தன் மரத்தில் ஏறுவதை அவர் எத்தனை நாள் பார்த்துக்கொண்டு நிற்பார்? பார்க்கும்போதெல்லாம் "ஏறாதீங்க" என்பேன். "ஏற மாட்டேனுங்க" என்பார். ஒரு காலை, வேறொரு வீட்டுக்குப் போகும் வழியில் அவர் தோட்டத்தை எட்டிப் பார்த்தேன். சொன்ன சொல் தவறவில்லை. பெரியசாமி தரையில்தான் நின்றார், ஒற்றை மூங்கில் ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அண்ணாந்து பார்த்தேன். உச்சியில், இடுப்பில் சாக்குப்பை கட்டி, சின்னப்பொண்ணு காய் பறித்துக்கொண்டிருந்தார்.

கத்தினால் ஏணி ஆடும். சத்தமில்லாமல் போய் முதலில் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க தள்ளி நில்லுங்க" என்றேன்.

"ஏனுங்க சார்? நான் ஏறலீங்களே."

"இப்ப உங்களுக்கு வலிப்பு வந்தா ஏணி என்ன ஆகும்?"

பதில் மேலேயிருந்து வந்தது. "அத நான் நெனைக்காமயா ஏறியிருக்கறேன்? காலைல மாத்திர முழுங்கி, வாயத் தொறந்து, நாக்கத் தூக்கிக் காட்டோணும். அப்புறந்தான் ஏணியத் தொட உடுவேன். ராத்திரிக்கும் அதே கத. கீழ கெடக்கற சாக்கக் காலால பெருசா விரிச்சு உடுங்க சார், சும்மா நிக்கறதுக்கு."

மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். முதல் முறையாகக் கணக்கு சரியாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை. மாத்திரை போட்டாலும் ஒரு நாள் வந்துவிடலாம், மரம் ஏறக்கூடாது என்றால் ஏணி பிடிக்கவும் கூடாது என்று சொல்லி, காளியப்பனை வரவழைத்து ஏணியை அவர் கையில் கொடுத்தேன். பெரியசாமி தள்ளிப் போய் விழுந்த மிளகைப் பொறுக்க உட்கார்ந்தார். எனக்கு வேறு பயம் வந்தது. ஏணி கையை விட்டுப் போனதும் மாத்திரையும் போய்விடுமோ? கேட்டேவிட்டேன். அவர் என்னை விவரம் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "எப்படிங்க உடறது? நான் இங்க உழுந்து இழுத்துக்கிட்டுக் கெடந்தா, அண்ணன் ஏணியப் புடிச்சுக்கிட்டு நிக்குமா, என்னையப் புடிக்க ஓடியாருமா? அவ மேல இருக்கறா சார்."

அந்தப் பருவம் முடிந்தும் ஒரு வேளை தவறவில்லை, வலிப்பும் வரவில்லை. என் போதனை பலித்துவிட்டது என்று டாக்டரம்மா என்னைப் பாராட்டினார், நானும் வாங்கிக்கொண்டேன், ஆனால் என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்ல ஆள் இல்லாததால் என் பிரஷர் மாத்திரைக்கு மட்டும் அந்தப் போதனை இன்னும் பலிக்கவில்லை.