முந்தலில் போட்டால் மெட்டில் முடியும் பாட்டு

ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஜெர்மனிக்காரர்களின் மின்சாரச் சங்கீதத்தைக் கரைத்துக் குடித்த பிள்ளை, போடி தாலுகாவிலேயே நான் ஒருத்திதான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

காரணம் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. அவர் ஜீப்பு ஓட்டினார். காலையில் போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவார். ஒருமுறை குரங்கணிக்கு மலையேற வந்த ஜெர்மன் கிழவர் ஒருவர் மாமாவின் ஜீப்பைச் சில நாட்களுக்கு வாடகைக்குப் பிடித்தார். வண்டியில் ஓயாமல் தன் ஊர்ப் பாட்டையே போட்டுக் கேட்டிருக்கிறார். மாமாவுக்கு முதலில் தலைவலி வந்தது, பிறகு சந்தேகம் வந்தது, கடைசியில் பைத்தியமே பிடித்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது கிழவர் மாமாவின் பென்டிரைவ் நிறைய அத்தனையையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கூட வந்த வழிகாட்டி மூலமாக அவர் சொன்ன கதையை மாமா எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். கிழவர் வாலிபராக இருந்தபோது அவருக்கும் அவர் சேக்காளிகளுக்கும் அப்பன்மார் பாடிய பாட்டும் பிடிக்கவில்லையாம், அமெரிக்காவிலிருந்து வந்த பாட்டும் வேண்டாமாம். அதனால் பீரோ மாதிரி பெரிய மெஷின்களை வாங்கி, வயர்களைப் பிடுங்கிச் சொருகி, குமிழ்களைத் திருகித் திருகி, யாரும் கேட்காத சத்தமாகப் பிடித்திருக்கிறார்கள். "வாய்ப்பாட்டே கெடையாது பாப்பா. வயரு பாடுது!" என்பார் மாமா. சொல்லும்போதே அவருக்குக் கண் விரியும்.

ஒவ்வொரு ஆல்பமும் பென்டிரைவில் தனித்தனியாக இருந்தது. பெயர்கள் எல்லாம் வாயில் நுழையாத ஜெர்மன். ஆகவே நாங்களே பெயர் வைத்தோம். சாயங்காலம் வீட்டுப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி, தார்ப்பாயை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறப்போம். அடுத்து என்ன வருமோ என்று ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொள்வேன். ஒன்றில் சொட்டுச் சொட்டாக எதிரொலிக்கும், அது 'தண்ணித்தொட்டி'. ஒன்று ஏலக்காய் காயவைக்கிற கட்டிடத்தின் காற்றாடிபோல் உறுமும்; அதற்கு 'ஸ்டோர்' என்று பெயர். மாமாவுக்கு உயிர் 'பம்ப்செட்'. ஆரம்பித்த அடி முடியும்வரை மாறவே மாறாது. அடிக்கிறவனுக்குக் கை வலிக்காதா என்று நான் கேட்டதற்கு மாமா, கிணத்துமேட்டு மோட்டாருக்கு வலிக்குதா என்று திருப்பிக் கேட்டார்.

எனக்கு எல்லாவற்றிலும் ஒசத்தி 'மேகம்'. இன்றைக்கும் யாராவது மறுத்தால் சண்டைக்குத் தயார். அதில் அடியே கிடையாது. ஒரு சத்தம் வந்து நிற்கும். ஒன்றுமே நடக்கவில்லையே என்று தோன்றும். பார்த்தால் முதலில் நின்ற சத்தம் போய் அதன் இடத்தில் வேறொன்று நிற்கும். எப்போது போனது, எப்போது வந்தது என்று பிடிக்கவே முடியாது. அடிவாரத்தில் முந்தல் செக்போஸ்டில் அதைப் போட்டால், கொண்டைஊசி வளைவெல்லாம் ஏறிப் போடிமெட்டில் மூடுபனிக்குள் நுழையும்போது மணிச் சத்தத்தோடு முடியும். முதல்தடவை அப்படிக் கேட்டபோது உடம்பெல்லாம் புல்லரித்து, மாமாவின் கையைக் கிள்ளிவிட்டேன். ஜெர்மனிக்காரன் நம்ம ரோட்டை அளந்து பார்த்துத்தான் போட்டிருக்கான் என்று மாமா சத்தியம் செய்தார்.

எல்லாம் சரி, ஜீப்பில் போகிற பெண்களுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் சாதாரணமாக அல்ல, காதில் துணியை அடைத்துக்கொள்கிற அளவுக்குப் பிடிக்கவில்லை. அவர்களைக் கூட்டிச் செல்லும் கங்காணியக்கா ஒருநாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏந்தம்பி, காய் சீசன் ஆரம்பிச்சதுல இருந்து ஞாயித்துக்கெழமகூட லீவு கெடையாது. பகல் பூரா செடிக்கடியில குனிஞ்சு கெடக்கோம். ஜீப்புலயாவது கூடச் சேந்து பாட்டுப் படிச்சுக்கிட்டுப் போகலாம்னு பாத்தா, நீ மிக்சிய ஓட விடுற. நாங்க வேற ஜீப்பு பாத்துக்கிறோம்."

வீட்டில் இடி விழுந்தது. அந்த லோடு போய்விட்டால் மாமாவுக்கு வேறு நிரந்தர லோடு இல்லை. ஜீப்பை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போகட்டும் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். நாலு சினிமாப் பாட்டைப் போட்டுத் தொலையேண்டா என்று அம்மா கெஞ்சினாள். மாமாவா கேட்பார்? கங்காணியக்காவிடம் போய், ஒரே ஒரு நாள் ஒரே ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள், பிறகு உங்கள் இஷ்டம் என்று நின்றார். நாளைக்கு ஒரு நாள்தான் என்று அக்காவும் ஒப்புக்கொண்டார். மாமா திருப்பூர் போய்விட்டால் எனக்கு ஏது மலை, ஏது மேகம்?

எதைப் போடுவது என்பதில் மாமாவுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். பம்ப்செட்டில் அடியாவது இருக்கிறது, கால் ஆட்டுவார்கள் என்றார் மாமா. மோட்டார் சத்தம் அவர்களுக்கு வாழ்நாளெல்லாம் கேட்டுப் புளித்தது, மேகம்தான் கல்லையும் கரைக்கும் என்றேன் நான். கடைசியில் நான்தான் ஜெயித்தேன். மைக்செட் வைத்திருந்த சேக்காளியிடம் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கி, ஜீப்புக்குள் கயிறு போட்டுக் கட்டினார் மாமா.

பள்ளிக்கூடம் காலாண்டு லீவு. மறுநாள் முன்சீட்டில் மாமாவுக்கும் கங்காணியக்காவுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டேன். பரபரப்பில் மாமாவுக்கு முந்தல் வரைக்கும் பொறுக்கவில்லை. ஜீப்பு ஸ்டாண்டிலேயே மேகத்தைப் போட்டுவிட்டார். பின்னால் பெண்கள் தலையில் முக்காடு, கன்னத்தில் கை, வாயில் பேச்சில்லை. அத்தனை பேருக்கும் மாமா மேல் கோபம். சங்கீதம் பொங்கி வழிய, ஜீப்பு கடைவீதி வழியாக ஊர்ந்து போனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சமயம் ஒரு பெரிய தலைவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். என்ன ஆகுமோ என்று ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நேரம். தலைவர்கள் யாராவது போய்விட்டால் ரேடியோவிலும் டிவியிலும் பாட்டு நின்று, வாத்தியம் மட்டும் தனியாக அழும். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் எதையும் விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். முதலில் ஷட்டரை இழுப்பார்கள், அப்புறம்தான் விசாரணை. தாமதித்தால் கல் வந்து விழும் என்பது அனுபவம்.

டீக்கடைக்காரர் கிளாசும் கையுமாக வெளியே வந்தார். பாட்டில்லாத சங்கீதத்தைக் கேட்டார், ஜீப்பில் முக்காடு போட்டிருந்த பெண்களின் முகங்களைப் பார்த்தார், தலையில் கை வைத்தார். அடுத்த நிமிஷம் கடகடவென்று ஷட்டர் இறங்கியது. பக்கத்துக் கடையும் இறங்கியது. எங்களுக்குப் பின்னால் வீதி நெடுக ஷட்டர்கள் விழுந்துகொண்டே வந்தன. எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கித் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அடேயப்பா, மேகத்துக்கு என்ன மரியாதை! நான் மாமாவைப் பார்த்தேன், மாமா என்னைப் பார்த்தார். இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

போடிமெட்டில் மூடுபனிக்குள் நுழைந்ததும் போலீஸ்காரர் ஜீப்பை மறித்தார். கீழே கடையெல்லாம் அடைத்தாகிவிட்டது, பஸ்சு ஓடவில்லை, தலைவர் போய்விட்டாராம் என்றார். அவ்வளவுதான், காலையிலிருந்து வாயைத் திறக்காத பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். மாமா பதறிப்போய், இரண்டாம் தடவையாக ஓடிக்கொண்டிருந்த பாட்டை அமர்த்தினார். கங்காணியக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "ஏன் அமத்துற? எழவுக்கு ஏத்த சத்தமாத்தான இருக்கு, ஓடட்டும்" என்றார்.

மேகம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. தோட்டத்தை நெருங்குகையில், சத்தம் மாறுகிற நல்ல இடத்தில், கங்காணியக்காவின் போன் வந்து கெடுத்தது. எனக்கு எரிச்சல். மகனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "சரிப்பா, வெய்யி" என்று போனை முந்தியில் முடிந்துகொண்டவர், பின்னால் அழுதுகொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, சத்தத்தக் கூட்டு" என்றார். எனக்குக் காற்றில் மிதக்கிற மாதிரி ஆகிவிட்டது.

தோட்டத்தில் இறங்கியதும் எல்லோரையும் கண்ணைத் துடைக்கச் சொல்லி, வரிசையில் நிறுத்தி, பெயர் எழுத வைத்தார். அங்கே பெயர் ஏறிவிட்டால் அன்றைய கூலி உண்டு. கடைசிப் பெயர் ஏறிய பிறகுதான் மலையாளத்து மேனேஜரிடம் போய், "சார், எங்க தலைவரு போயிட்டாரு" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"எந்தா? எப்போழா மரிச்சது?" மேனேஜர் பதறினார். தமிழ்நாட்டு வண்டி ஓடுமா, ரோட்டில் கல் விழுமா என்று அவருக்குப் பயம். வேலையை நிறுத்திவிட்டு, கீழே அமைதியாகும் வரை பத்திரமாக இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். ஜீப்பைச் சுற்றிப் புல்லில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கங்காணியக்கா ஒவ்வொருத்தியிடமாகப் போய்க் குனிந்து காதில் ஏதோ சொன்னார். சொல்லச் சொல்ல அழுகை நின்றது. ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். இன்னொருத்தி ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். சங்கீதத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று அக்கா விளக்குகிறார் என்று நான் நினைத்தேன். தூக்குச்சட்டியைத் திறந்து சாவகாசமாகச் சாப்பிட்டார்கள். காலை நீட்டினார்கள். ஒருத்தி மேகத்தின் சத்தத்தையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் தன் பாட்டுக்கு ஒரு தாலாட்டை இழுத்தாள். ஐயோ, அது எப்படிச் சேர்ந்தது தெரியுமா! ஜெர்மனிக்காரன் ஒரு குரலுக்காக இத்தனை வருஷம் இடம்விட்டுக் காத்திருந்த மாதிரி சேர்ந்தது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பம்ப்செட்டுக்கு இரண்டு பேர் கும்மி அடித்தார்கள். மேனேஜர் எட்டிப் பார்த்த போதெல்லாம் மாத்திரம் அத்தனை பேரும் மேகம் போடச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். அவர் தலை மறைந்ததும் மறுபடி பம்ப்செட். பிற்பகலில் பாதிப் பேர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கிவிட்டார்கள். மேகம் தூங்கவும் வைக்கும் என்று குறித்துக்கொண்டேன்.

கீழே இறங்கினால் கடையெல்லாம் திறந்திருந்தது. டீக்கடைக்காரர் மாமாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். உயிரோடு இருக்கிற மனுசனுக்கு எழவுப் பாட்டா போடுற என்று தெருவே கூடி ஏசியது. கங்காணியக்காதான் இறங்கிப் போய் விலக்கிவிட்டார்.

"விடுங்கப்பா, பச்சப்புள்ள. பாட்டுப் போட்டது ஒரு குத்தமா? நாளைக்கும் எங்களுக்கு இந்த ஜீப்புதான்" என்றவர், மாமாவிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நாளையில இருந்து சினிமாப் பாட்டப் போடு. இதத் தெனமும் போட்டுத் தேச்சுப்புடாத. நான் சொல்லும்போது மட்டும் போடு."

மாமாவுக்கு ஜீப்பு தங்கியது. திருப்பூர்ப் பேச்சு அடங்கியது. நல்ல ஆல்பத்தை அடிக்கடி கேட்டுத் தேய்க்கக் கூடாது என்கிற நுட்பம் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறதே என்று நான் வியந்துபோனேன்.

போனில் அவர் மகன் பேசியது என் காதிலும் விழுந்ததுதான். "யம்மா, அம்புட்டும் புரளியாம், தலைவரு நல்லா இருக்காராம், நீ சோலியப் பாரு" என்றான். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. என் சங்கீதம் அவர்களை ஜெயித்துவிட்டது என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சாகாத ஒருவரைச் சொல்லி அந்தப் பெண்கள் அன்று ஒரு பகல் முதுகு நிமிர்ந்து படுத்திருந்தார்கள் என்பது புரிவதற்கு, நானும் ஒரு வேலைக்குப் போய், ஒரு நாள் லீவு கேட்டுக் கிடைக்காமல் நிற்க வேண்டியிருந்தது.